பீடி சிகரெட் தொட்டதே இல்ல, அப்புறம் ஏன் டாக்டர் மூச்சு வாங்குது?

போன மாசம் மூச்சு சம்பந்தமா கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல நிறைய பேர் சுத்தி சுத்தி ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்கீங்க, நாங்க யாரும் புகை பிடிச்சதில்லையே, அப்புறம் எப்படின்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: டாக்டர் மேடம், எங்கம்மாவுக்கு 58 வயசு. மூணு வருசமா காலைல எந்திரிச்சதும் இருமல், சளிய துப்பி முடிக்காம ஒரு வேலையும் ஓடாது. இப்ப மாடிப்படி ஏறினா பாதியிலயே நின்னுடுறாங்க. டானிக், ஊசின்னு ஓட்டிட்டு இருந்தோம், போன மாசம்தான் ஒரு டாக்டர் ஊதுற டெஸ்ட் எடுத்துட்டு சிஓபிடின்னு சொன்னாரு. நெட்ல பாத்தா அது சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்ற நோய்னு போட்டிருக்கு. எங்கப்பாகூட பீடி தொட்டதில்ல. சொந்தத்துல ஒருத்தவங்க "உங்கம்மா யாருக்கும் தெரியாம சுருட்டு குடிப்பாங்களோ"ன்னே கேட்டுட்டாங்க, அதுலருந்து அம்மா நாலு பேர் முன்னாடி இன்ஹேலர வெளிய எடுக்கறதே இல்ல. வீட்டுக்கு கேஸ் வந்து எட்டு வருசம் ஆச்சு, அதுக்கு முன்னாடி விறகடுப்புதான், மத்தபடி அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது. டெஸ்ட் தப்பா இருக்குமா?
— ஒரு மகள், ஆண்டிபட்டி பக்கம்

பதில்: தங்கச்சி, நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, கேஸ் வர்றதுக்கு முன்னாடி விறகடுப்புன்னு, உங்க கேள்விக்கு பதில் அனேகமா அந்த வரியிலதான் இருக்கு. உங்கம்மா ஒளிஞ்சு எதையும் குடிக்கல, எல்லார் கண்ணு முன்னாடியும் உங்களுக்கு சோறாக்கிக்கிட்டே அந்தப் புகைய குடிச்சிருக்காங்க, அது யாருக்கும் புகைன்னே தோணல.

எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. தலைய குனிஞ்சுதான் உள்ள போகணும், மேல ஓட்டுல ஒரே ஒரு சின்ன ஓட்டை, சுவரெல்லாம் கரி ஏறி வழவழன்னு மின்னும். மழைக்காலத்துல சீமக்கருவேல விறகு ஈரமா இருக்கும், பத்தவே பத்தாது, அம்மாச்சி ஊதாங்குழல எடுத்துக்கிட்டு குத்தவச்சு உக்காந்துருவாங்க. ஊதாங்குழல்ல நீளமா ஊதணும்னா முதல்ல நீளமா மூச்ச இழுக்கணும் இல்லையா, அந்த மூச்ச எங்கருந்து இழுக்கறாங்க? அடுப்பு வாய்க்கு ஒண்ணரை அடி தள்ளி, புகைக்குள்ள முகத்த வச்சுக்கிட்டு, நெஞ்சு நிறைய. ஒரு வேளை சமையலுக்கு இருபது தடவ, முப்பது தடவ. கண்ணு எரிஞ்சா முந்தானையால துடைச்சுப்பாங்க. பாத்திரத்து அடியில ஒட்டுன கரிய சாம்பல் போட்டு தேய்ச்சுருவாங்க, நெஞ்சுக்குள்ள ஒட்டுனத என்ன போட்டு தேய்க்கிறது.

விறகு, வரட்டி, தென்னமட்டை, சோளத்தட்டைன்னு எது எரிஞ்சாலும் வர்ற புகைல கண்ணுக்கு தெரியாத பொடித் துகள் இருக்கு, ஒரு தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது, மூக்கு முடியும் சளியும் அத தடுக்க முடியாது, நேரா நுரையீரல்ல இருக்கற சின்ன சின்ன குழாய் வரைக்கும் போய் உக்காந்துக்கும். அங்க தினமும் புண்ணாகி ஆறி புண்ணாகி ஆறி, வருசக்கணக்குல அந்தக் குழாயோட சுவர் தடிச்சு, தழும்பாகி, உள்வழி சுருங்கிடும். சிகரெட் குடிக்கிறவங்களுக்கு காத்துப்பை கிழிஞ்சு போறது அதிகம், விறகுப் புகைல வந்தவங்களுக்கு இந்தக் குழாய் தடிப்பு அதிகம். ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான், சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய். 2009ல புனேல இருக்கற டாக்டர் சந்தீப் சால்வியும் லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸும் உலகம் பூரா வந்த ஆய்வுகள திரட்டி லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதுனாங்க, சிஓபிடி நோயாளிகள்ல 25லருந்து 45 சதவீதம் பேர் வாழ்க்கைல புகையே பிடிக்காதவங்கன்னு. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே 45 கிராமத்துல, 30 வயசு தாண்டுன, புகை பிடிக்காத 900 பெண்கள ஊத வச்சுப் பாத்து 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடுப்படில நிக்கிறவங்களுக்கு இந்த நோய் அதிகமா இருந்துச்சு.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது எங்கன்னா, இந்த அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தா "சிகரெட் உண்டா"ன்னு கேப்பாங்க, "ஐயோ இல்லீங்க"ம்பாங்க, அதோட அந்த கேள்வி முடிஞ்சிடும். அப்புறம் ரத்தம் கம்மி, வயசாச்சு, உடம்பு போட்டுடுச்சு, சாதா வீசிங்னு ஏதாவது எழுதி அனுப்பிடுவாங்க. எத்தன வருசம் எந்த அடுப்புல சமைச்சீங்கன்னு கேக்க ஒரு நிமிசம்கூட ஆகாது. உங்க டாக்டர் ஊதுற டெஸ்ட் எடுத்தது பெரிய விஷயம், அதுக்கு ஸ்பைரோமெட்ரின்னு பேரு, குழாய விரிக்கிற மருந்து குடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு ஊதச் சொல்லி, முதல் ஒரு செகண்டுல எவ்வளவு காத்து வெளிய வருது, மொத்தமா எவ்வளவு வருதுன்னு பாப்பாங்க. அந்த விகிதம் 0.70க்கு கீழ இருந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் இது காட்டிக்குடுத்துரும்.

இன்ஹேலர ஹால்லயே, எல்லாருக்கும் தெரியற மாதிரி வைங்க. சுருட்டு பத்தி கேட்ட அந்த சொந்தக்காரங்க மறுபடி வந்தா, அவங்களும் எத்தன வருசம் ஊதாங்குழல் பிடிச்சாங்கன்னு அன்பா கேளுங்க, இருமல் இருந்தா அவங்களையும் டெஸ்டுக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி: எங்க வீட்ல கேஸ் இருக்குங்க. ஆனா குளிக்க வெந்நீர், இட்லி, மாட்டுக்கு கஞ்சி இதுக்கெல்லாம் விறகுதான். சிலிண்டர் விக்கிற விலைக்கு எல்லாத்தையும் கேஸ்ல வைக்க முடியுமா? கொஞ்ச நேரம்தானே, இதுல என்ன ஆகப்போகுது?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சிலிண்டர் விலை பத்தி நீங்க சொல்றத நான் மறுக்கவே மாட்டேன். 2016ல உஜ்வாலாங்கற மத்திய அரசு கேஸ் திட்டம் வந்து கோடிக்கணக்கான வீட்டுக்கு கனெக்‌ஷன் போச்சு, அது நல்ல காரியம், ஆனா கனெக்‌ஷன் வந்த எல்லா வீட்லயும் விறகு நின்னுடல, உங்க வீடு மாதிரி ரெண்டும் ஓடுற வீடுதான் நான் அதிகமா பாக்கறேன். வெந்நீர் அடுப்பு காலைல ஒரு மணி நேரம், கஞ்சி அடுப்பு சாயங்காலம் ஒரு மணி நேரம், கூட்டினா மேல திருவள்ளூர் ஆய்வுல சொன்ன அந்த ரெண்டு மணி நேரம் வந்துடுச்சே.

மாத்த முடியாதுன்னா அடுப்ப வெளிய கொண்டு போங்க, ரெண்டு பக்கமாவது திறந்த கொட்டகைல, வீட்டு ஜன்னலுக்கு நேரா இல்லாம. விறக நல்லா காய வைங்க. புகைபோக்கி வச்சா நிஜமாவே பலன் இருக்கு, சீனாவுல யுனான் மாகாணத்துல சுவான்வேங்கற ஊர்ப்பக்கம் வீட்டுக்குள்ள நிலக்கரிய எரிச்சு சமைச்சவங்க புகைபோக்கி அடுப்புக்கு மாறுனாங்க, 1976லருந்து 1992 வரைக்கும் 20,000 பேருக்கு மேல கணக்கெடுத்ததுல சிஓபிடி வர்றது ஆண்களுக்கு ஏறக்குறைய 40 சதவீதமும் பெண்களுக்கு 25 சதவீதமும் கொறஞ்சிருந்துச்சு. அப்புறம் குளிர் காலத்துல குழந்தைங்க வெந்நீர் அடுப்பச் சுத்தி கை காட்டிக்கிட்டு உக்காருமே, அப்படி உக்கார விடாதீங்க.

கேள்வி: வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுல 11 வருசமா இருக்கேன், வயசு 34. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை ஷிஃப்டுக்கு போனா சாயங்காலத்துக்குள்ள நெஞ்ச யாரோ கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்கு. செவ்வாய் புதன் ஆனா கொறஞ்சிடும். மேஸ்திரி "லீவுல ஊர் சுத்துனா அப்படித்தான்"கிறாரு. இது நெசமாவே எதாச்சும் நோயா?
— பெயர் வேண்டாம்

பதில்: நெசமான நோய்தான் தம்பி, நீங்க எழுதியிருக்கறது பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு. பிசினோசிஸ்னு பேரு, பஞ்சுத்தூசி நோய். பஞ்சுல ஒட்டியிருக்கற செடித் தூசும் பாக்டீரியாவோட மிச்சமும் சேர்ந்து மூச்சுக்குழாய சுருக்குது. லீவு நாள்ல தூசி இல்லாம இருந்துட்டு திரும்ப உள்ள போகும்போது உடம்பு பலமா எதிர்க்குது, அதான் திங்கக்கிழமை அதிகமா இருக்கு. ப்ளோ ரூம், கார்டிங் மாதிரி பஞ்ச அடிச்சு பிரிக்கிற இடத்துல இருக்கறவங்களுக்கு சீக்கிரம் வரும்.

முக்கியமான விஷயம், இது இப்ப இருக்கற கட்டத்துல தூசிய விட்டு விலகினா பெரும்பாலும் சரியாயிடும். திங்கக்கிழமை மட்டும் இருந்தது வாரம் முழுக்க ஆகி, அப்புறம் லீவு நாள்லயும் விடாம இருந்தா குழாய் நிரந்தரமா சுருங்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் திரும்பாது. அதனால நாள் கடத்தாம இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு போய், மில்லுல எந்த பிரிவு, எத்தன வருசம், எந்தக் கிழமை வருதுங்கறத உங்க வாயாலயே சொல்லுங்க, டாக்டர் கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க. முடிஞ்சா ஷிஃப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊதுற டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். சட்டத்துலயே அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியல்ல இது இருக்கு, அதனால தூசி கம்மியான பிரிவுக்கு மாத்திக் குடுங்கன்னு கேக்கறதுக்கு நீங்க கூச்சப்பட வேண்டியதில்ல. கர்ச்சீப் கட்டிக்கிறது போதாது, என்95 மாஸ்க், அதுவும் மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாம. கல்குவாரி, கிரஷர், செங்கல் சூளை, மாவு மில், பீடி சுத்தற வீடு, இங்கல்லாம் வேலை பாக்கறவங்களும் இத படிச்சுட்டு ஒரு தடவ ஊதிப் பாத்துக்கங்க.

கேள்வி: 2009ல எனக்கு டிபி வந்து ஆறு மாசம் மாத்திரை ஒரு நாள்கூட விடாம சாப்ட்டு முழுசா குணமாச்சு. இப்ப ரெண்டு வருசமா நடந்தா மூச்சு வாங்குது. டிபி திரும்பிடுச்சோன்னு பயத்துல வீட்ல யார்கிட்டயும் சொல்லல.
— வாசகர், கடலூர்

பதில்: முதல்ல வீட்ல சொல்லிடுங்க. சளி டெஸ்டும் எக்ஸ்ரேயும் எடுத்து டிபி இல்லன்னு உறுதி பண்ணிக்கங்க, அது அரசு ஆஸ்பத்திரில இலவசம்தான். பெரும்பாலும் கிருமி இருக்காது. ஆனா கிருமி போனாலும் அது விட்டுட்டுப் போற தழும்பு போறதில்ல, அந்தத் தழும்பு மூச்சுக்குழாய இழுத்து கோணலாக்கி அடைப்பு உண்டாக்கும். உலகத்துல வர்ற டிபில நாலுல ஒரு பங்கு இந்தியாவுலதான், அப்ப குணமானதுக்கு அப்புறம் இப்படி மூச்சு வாங்கறவங்க நம்ம ஊர்ல எவ்வளவு பேர் இருப்பாங்கன்னு யோசிங்க. மாத்திரை முடிஞ்சதும் ஃபைல மூடாம ஒரு ஸ்பைரோமெட்ரி எடுக்கணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க இப்ப எடுங்க.

கேள்வி: கொசுவத்தி சுருள் ஏத்தினா நுரையீரலுக்கு கெடுதலா? சாம்பிராணி?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற பொடித்துகளோட அளவு 75லருந்து 137 சிகரெட்ல வர்ற அளவுக்கு சமம்னு 2003ல அளந்து பாத்திருக்காங்க. அத கதவு ஜன்னல சாத்திட்டு, குழந்தை தலமாட்டுல வச்சு ராத்திரி முழுக்க எரிக்கிறோம். கொசுவல கட்டுங்க, ஜன்னலுக்கு நெட் அடிங்க. சாம்பிராணி வெள்ளிக்கிழமை போடணும்னா ஜன்னல திறந்து வச்சு போடுங்க, வீசிங் இருக்கறவங்க அந்த நேரம் வெளிய இருக்கட்டும்.

கேள்வி: என் பையன் எட்டாம் மாசத்துலயே பொறந்தான், ரெண்டு வயசுல நிமோனியா வந்து ஆஸ்பத்திரில இருந்தான். இப்ப ஏழு வயசு, மழை வந்தா வீசிங். வளந்தா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. பெரியவனானா இது பெரிய நோயா மாறுமா?
— ஒரு அம்மா, சேலம்

பதில்: உங்க மாமியார் சொல்றதுல பாதி உண்மை, நிறைய குழந்தைக்கு வீசிங் நின்னுடும். ஆனா நுரையீரல் 20, 25 வயசு வரைக்கும் வளந்து ஒரு உச்சத்துக்கு வரும், அதுக்கப்புறம் எல்லாருக்கும் மெதுவா இறங்கும். குறை மாசம், எடை கம்மி, சின்ன வயசு நிமோனியா, கவனிக்காத ஆஸ்துமா இதெல்லாம் அந்த உச்சத்தையே தாழ்த்திடுது. 2015ல வந்த ஒரு பெரிய ஆய்வுல சிஓபிடி வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேர் வேகமா இறங்குனவங்க இல்ல, 40 வயசுக்கு முன்னாடியே நுரையீரல் திறன் கம்மியா இருந்தவங்கன்னு தெரிஞ்சுது. பயப்படறதுக்காக இத சொல்லல, உங்க பையனுக்கு வளர்ற வயசு இன்னும் நிறைய இருக்குங்கறதுக்காக சொல்றேன். டாக்டர் தினசரி இன்ஹேலர் எழுதியிருந்தா மூச்சு நல்லா இருக்கற நாள்லயும் விடாம குடுங்க, பழகிடும்ங்கறது வீண் பயம். வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சா வாசல்ல போய் பிடிக்கிறேன்ங்கறதும் போதாது, துணியிலயும் முடியிலயும் ஒட்டிக்கிட்டு உள்ள வரும். அடுத்த குழந்தை இருந்தா நிமோனியா தடுப்பூசி 2021லருந்து நாடு முழுக்க அரசு அட்டவணைலயே இருக்கு, ஆறாவது வாரம், 14வது வாரம், ஒன்பதாவது மாசம், விட்டுடாதீங்க.

கேள்வி: எனக்கு 67 வயசு. டாக்டர் விறகுப்புகையாலதான் இந்த நோய்னு சொல்லிட்டாங்க. போன நுரையீரல் போனதுதானே, இனிமே கேஸுக்கு மாறி, மருந்து எடுத்து என்ன ஆகப்போகுது. புள்ளைங்களுக்கு ஏன் செலவு.
— ஒரு பாட்டி, பேத்தி கையால எழுதியது

பதில்: அம்மா, போனது திரும்பாதுங்கறது நிஜம், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிச்சம் இருக்கறது உங்க கையிலதான் இருக்கு. புகைய நிறுத்தினா இறங்குற வேகம் கொறையும், சளி கொறையும், அடிக்கடி ஆஸ்பத்திரில படுக்கறது கொறையும். பஃப்ப நேரா வாய்ல வச்சு அமுக்குனா மருந்துல பெரும்பகுதி வாயிலயும் தொண்டையிலயுமே ஒட்டிக்கும், அதனால பஃப்போட மாட்டுற ஸ்பேசர் டப்பா வச்சு இழுங்க, பேத்திய பக்கத்துல உக்கார வச்சு டாக்டர்கிட்ட ஒரு தடவ செஞ்சு காமிச்சுட்டு வாங்க, இழுத்து முடிச்சதும் வாய் கொப்பளிங்க. வருசம் ஒரு தடவ ஃப்ளூ ஊசி, டாக்டர கேட்டு நிமோனியா ஊசி. மூச்சு வாங்குதுன்னு கட்டிலோட கெடந்தா கால் தசை கரைஞ்சு இன்னும் வாங்கும், அதனால தெரு முனை வரைக்கும் நடங்க, நின்னு மூச்சு விட்டுட்டு திரும்ப நடங்க.

பேத்திக்கு ஒண்ணு: பாட்டியோட சளி மஞ்சளாவோ பச்சையாவோ மாறினா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ. ஒரு முழு வாக்கியம் பேச முடியாம மூச்சு திணறினாலோ, உதடும் நகமும் நீலமானாலோ, தூக்கக் கலக்கமா உளறினாலோ ஆட்டோ தேடாம 108க்கு போன் பண்ணு, எந்த இன்ஹேலர் போடறாங்களோ அதையும் கையில எடுத்துக்கோ.