ஆயிரம் ரிசீவர் நட்டால் கணினி தாங்குமா?

கேள்வி: 2014இல் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்ததிலிருந்து, மழை பிடித்தால் எங்கள் லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. செய்மதிச் சமிக்ஞையை வைத்து இடம் காட்டும் ஜி.பி.எஸ். ரிசீவர் நட்டால், மில்லிமீற்றர் நகர்வையும் பிடிக்கலாமாம். மலையகம் முழுக்க ஆயிரம் நட்டால், கணினி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மலை இறங்கிவிடாதா?
– ஒரு வாசகி, கொஸ்லந்தை

பதில்: பழைய முறையென்றால் உங்கள் பயம் நியாயம்தான். எல்லா ரிசீவர்களையும் ஒரே கணக்கில் கட்டித் தீர்த்தால், ரிசீவர் பத்து மடங்காகும்போது வேலை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும்.

1997இல் அமெரிக்க ஜெட் புரொபல்ஷன் ஆய்வுகூடத்தின் ஸம்பர்க் குழுவினர் இதற்கு வழி சொன்னார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தை நினையுங்கள். தராசைச் சரிபார்த்துவிட்டால், அவரவர் கொழுந்தைத் தனித்தனியே நிறுக்கலாம். (தராசே சரியில்லாத தோட்டங்களைப் பற்றி இன்னொரு கிழமை பேசுவோம்.) இங்கே தராசு, செய்மதிகளின் பாதையும் கடிகாரமும். கடிகாரம் ஒரு நனோசெக்கன் பிசகினால் தூரம் 30 சென்றிமீற்றர் பிசகும். ஆகவே உலகெங்கும் பரந்த சில நிலையங்களின் தரவை வைத்து அவற்றை முதலில் கணித்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கணக்கு. ஆயிரம் ரிசீவருக்கு ஆயிரம் சின்னக் கணக்குகள். சாதாரண கணினியே போதும், பலவற்றுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஒன்று கெட்டால் மற்றதைக் கெடுக்காது.

ஆனால் அந்த மில்லிமீற்றர், நாள் முழுக்கச் சேர்த்த தரவுக்கு, அதுவும் கிடைத்தளத்தில். உயரத்தில் சென்றிமீற்றர் அளவுக்குத் தடுமாறும். காற்றிலுள்ள நீராவி சமிக்ஞையைத் தாமதிக்க வைக்கும். நம் மலைக் காற்றைச் சொல்லவா வேண்டும்! இன்னொன்று, இம்முறை பக்கத்து இடத்தை வைத்தல்ல, பூமி முழுவதற்குமான ஒரே ஆயத்தில் (அளவுச் சட்டகத்தில்) இடம் சொல்வதால், தீவு முழுவதும் புவித்தட்டோடு வருடத்துக்குச் சில சென்றிமீற்றர் வடகிழக்கே போவதும் அதில் தெரியும். அதைக் கழிக்காமல் மலை நகர்கிறதென்று பதறக்கூடாது.

நில அளவையில் தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சரிவு ஒன்றுதான் கவலையென்றால், பக்கத்தில் அசையாத பாறையில் இன்னொரு ரிசீவர் நட்டு, இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பாருங்கள். கிட்டக்கிட்ட இருப்பதால் பிழைகள் பெரும்பாலும் கழிந்துபோகும். வானம் திறந்த இடமாக இருக்கட்டும். லயத்துத் தகரக் கூரையில் மட்டும் பூட்ட விடாதீர்கள். சமிக்ஞை தகரத்தில் பட்டுத் தெறித்து அளவைக் கெடுக்கும். நிலத்தில் வெடிப்போ, புதிதாய்க் கலங்கல் ஊற்றோ கண்டால், எந்தக் கணக்குக்கும் காத்திராமல் லயத்தை விட்டு வெளியேறிவிடுங்கள்.