பாலுக்கு எத்தனை ஸ்பூன் சீனி?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாமனார் மாமியாரோடு ஒரே வீடு. காலையில் கிளம்பினால் நான் திரும்ப ஏழு மணி ஆகிவிடும், அதுவரை மகள் அவர்களிடம்தான். "பாலுக்கு சீனி போடாதீங்க அத்தை" என்று பலமுறை சொல்லிவிட்டேன். என் முன்னால் சரி என்பார், நான் படி இறங்கியதும் இரண்டு ஸ்பூன் சீனி, அதற்கு மேல் சாக்லேட் பவுடர். சாயங்காலம் மாமனார் டிவிஎஸ் 50-ல் முன்னால் நிற்கவைத்துக் கடைக்குக் கூட்டிப்போய் தேன்மிட்டாய், ஜெல்லி, டப்பா ஜூஸ் என்று அவள் கை காட்டியதை எல்லாம் வாங்கித் தருகிறார். "அம்மாட்ட சொல்லாத" என்று வேறு சொல்லிக்கொடுக்கிறார்கள், அவளே வந்து என்னிடம் அதையும் சேர்த்துச் சொல்கிறாள். ராத்திரி சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. இப்போது மேல் முன்பல் இரண்டில் பழுப்பாகத் தெரிகிறது. கேட்டால், "நாங்க மூணு பிள்ளை வளக்கலையா, உன் புருஷன் சீனி தின்னுதான் வளந்தான்" என்கிறார் மாமியார். கணவரோ "வயசானவங்க, விடு" என்கிறார். பேசாமல் ஏதாவது டே கேரில் விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், பழங்காநத்தம்

பதில்: டே கேர் பேச்சு அப்புறம். முதலில் பல் டாக்டர், இந்த வாரமே. மேல் முன்பல்லில் பழுப்பு என்றால் சொத்தை ஆரம்பித்துவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேதான் முதலில் பிடிக்கும். கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும், மேல் பல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தைப் பாருங்கள், சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஆரம்பக் கட்டம், ஃப்ளோரைடு வைத்து டாக்டர் அதை அங்கேயே நிறுத்தப் பார்ப்பார். பழுப்பு அதைத் தாண்டிய கட்டம். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்வார்கள். முன்பல் ஆறு ஏழு வயதில் விழும், சரி, ஆனால் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியது. சொத்தை அங்கே போனால் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடும், ராத்திரி வலியில் எழுந்து உட்காரும்.

டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியமானது. நீங்கள் சொன்னால் அது மருமகள் பேச்சு, டாக்டர் சொன்னால் வைத்தியம். அங்கே போய் "இவங்கதான் டாக்டர் சீனி போடுறாங்க" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், எல்லாம் கெட்டது. பாப்பா என்னென்ன சாப்பிடுவாள் என்று டாக்டரே கேட்பார், அதற்கு அத்தையையே பதில் சொல்ல விடுங்கள். பகல் முழுக்க அவர்தானே பார்க்கிறார், அவருக்குத்தான் தெரியும் என்று நீங்களே சொல்லிவிட்டு நகர்ந்து நில்லுங்கள்.

அடுத்து கணக்கு. சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்குச் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. உங்கள் மகள் வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,100 கலோரி என்று வையுங்கள். ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி, தட்டி எடுத்த ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். அப்படியானால் அதிகபட்சம் 6 ஸ்பூன், நல்லது 3 ஸ்பூன். காலைப் பால், சாயங்காலப் பால் இரண்டிலேயே 4 ஸ்பூன் போய்விடுகிறது. அதுவும் தட்டாமல் குவித்து எடுக்கிற ஸ்பூனாகத்தான் இருக்கும், பாட்டிமார் கை அப்படி. பவுடரில் இருக்கிற சீனி தனி. டப்பா ஜூஸை எடுத்துப் பின்னால் திருப்பிப் பாருங்கள், 100 மில்லிக்குச் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கும், அதை ஒன்றரையால் பெருக்கினால் 150 மில்லி டப்பாவுக்கு எத்தனை கிராம் என்று வரும், அதை நாலால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு. மாம்பழ ஜூஸ் வகைகளில் 4, 5 ஸ்பூன் சாதாரணமாக வந்துவிடும். பவுடருக்கும் இதையே பாருங்கள். போர்ன்விட்டா போன்றவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. உங்கள் மாமியாருக்கு மட்டுமில்லை, இதைப் படிக்கிற பல அம்மாக்களுக்கும் அது சத்து மாவு என்றுதான் நினைப்பு.

ராத்திரி சோறு இறங்காததற்குக் காரணமும் அநேகமாக இதுதான். ஆறு மணிக்கு ஜெல்லியும் ஜூஸும் போன வயிற்றில் எட்டு மணிக்கு என்ன பசி இருக்கும்?

ஆனால் ஒன்று, மாமியாரை மடக்குவதற்காக இல்லாததைச் சொல்லாதீர்கள். "பிள்ளைக்கு இப்பவே சுகர் வந்துரும்" என்று மிரட்டுவது வேண்டாம். பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற முதல் வகை சர்க்கரை நோய் மிட்டாய் தின்பதால் வருவதில்லை. வயிற்றில் பூச்சி வருவதும் மிட்டாயால் இல்லை, மண்ணிலும் கழுவாத கையிலும் இருந்து வருவது, அதற்கு அங்கன்வாடியில் மாத்திரை கொடுக்கிறார்கள். சீனி தின்றால் பிள்ளை ஒரே ஆட்டம் போடும் என்பதையும் ஆராய்ச்சி செய்து பார்த்து, அப்படி இல்லை என்றுதான் சொல்கிறார்கள். பொய்யாக ஒன்று சொல்லி, அது பலிக்காமல் போனால், நிஜமாகச் சொன்ன நாலும் சேர்ந்து அடிபடும். பல்லும் பசியும் போதும், இரண்டும் கண் முன்னால் இருக்கின்றன.

"நாங்க வளக்கலையா" என்பதற்கு வருவோம். வளர்த்தார்கள், மறுக்க முடியாது. ஆனால் அவர் வளர்த்த காலத்தில் சீனி ரேஷன் கார்டுக்கு அளந்து வந்தது, மாதம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கூடுதலாகக் கிடைத்தால் அது செல்லம். இன்றைக்கு எல்லாக் கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது, செல்லம் கொடுக்கும் கை மட்டும் பழைய கையாகவே இருக்கிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் வந்த சீனி ரேஷன் 1953-ல்தான் எடுக்கப்பட்டது. கருவிலும் பிறந்த முதல் இரண்டு வருடங்களிலும் அந்த ரேஷனுக்குள் இருந்தவர்களையும் அதற்குப் பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரேஷன் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 20 சதவீதமும் குறைவாக இருந்ததாம். ஆக "நீங்க பிள்ளை வளத்த விதம் நல்ல விதம்தான், அதே மாதிரி அளந்து கொடுங்க" என்று மாமியாரிடம் சொல்லிப் பார்க்கலாம். புகழ்ச்சி மாதிரியும் இருக்கும், உண்மையும் அதுதான்.

இதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும். "வயசானவங்க, விடு" என்று அவர் சொல்வது பெருந்தன்மை இல்லை, தன் அம்மாவிடம் பேசும் வேலையை உங்கள் தலையில் கட்டுவது. மகன் சொன்னால் ஒரு மாலை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், மறுநாள் இட்லி ஊற்றிப் போடுவார். மருமகள் சொன்னால் அது சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துவரைக்கும் போகும். எதையெல்லாம் கேட்பது என்று முதலில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், எல்லாவற்றையும் கேட்காதீர்கள். தினப்படி நடப்பதை மட்டும் பிடியுங்கள்: பாலில் சீனியும் பவுடரும், சாயங்காலக் கடை, படுக்கும்போது பால். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், கடைசியாகக் குடித்த இனிப்பு விடியும்வரை பல்லிலேயே கிடக்கும், அதனால் பால் குடித்து, பல் தேய்த்து, அப்புறம்தான் படுக்கை. பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் பாப்பா பால் டம்ளரையே தள்ளுவாள், மாமியாரும் "பாத்தியா, பிள்ளை குடிக்கல" என்பார். இரண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்கி, ஒரு வாரம் கழித்து ஒன்று ஆக்கி, மெதுவாக இறக்குங்கள்.

தாத்தாவின் வண்டிச் சவாரியை நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மிட்டாயைவிட வண்டியில் முன்னால் நிற்பதுதான் பெரிதாக இருக்கும். (ஹெல்மெட் இல்லாமல் முன்னால் நிறுத்திப் போவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பக்கம் வேண்டும். சின்ன ஹெல்மெட் ஒன்று வாங்கி, கால் ஊன்றி உட்காரும்படி சின்ன சீட் பொருத்துங்கள்.) போகிற இடத்தை மட்டும் மாற்றலாம். அவித்த கடலை, கொய்யா, சீசனில் பனங்கிழங்கு, சோளம் என்று தாத்தா வாங்கித் தர நம் ஊர் ரோட்டோரத்தில் எவ்வளவோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அவள் கேட்டதை வாங்கித் தரட்டும், அதை எல்லோர் முன்னாலும் தரட்டும். ஒட்டிக்கொள்ளும் மிட்டாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்பதைவிட, சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் தின்று வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது.

கல்யாண வீட்டு அல்வாவையும் விளக்குத்தூண் பக்கம் போனால் நாலு வாய் ஜிகர்தண்டாவையும் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குச் செம்பு நிறையச் சீனி வைத்து, வாழை இலை கட்டி, மேலே சூடம் ஏற்றிக் கும்பிடுகிற ஊர் இது. அந்தச் சீனியை உள்ளங்கையில் வாங்கி நக்காத பிள்ளை இங்கே உண்டா? அதில் போய் ஸ்பூன் கணக்குப் பார்க்காதீர்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது "அம்மாட்ட சொல்லாத" என்பது ஒன்றுதான். அதை உங்கள் கணவர் தன் அப்பாவிடமே நேராகச் சொல்லட்டும்: மிட்டாய் கொடுத்தால்கூடப் பரவாயில்லை, மறைக்கச் சொல்லிக் கொடுக்காதீங்கப்பா, நாளைக்கு வெளியாள் யாராவது எதையாவது செய்துவிட்டு இதையே சொன்னாலும் பிள்ளை நம்மிடம் சொல்லாது. நீங்களும் வேலை விட்டு வந்ததும் "இன்னைக்கு அப்பத்தா என்ன கொடுத்தாங்க" என்று மகளிடம் துப்பு விசாரிப்பதை விட்டுவிடுங்கள்.

டே கேர்? இவ்வளவும் செய்து, மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து, ஒன்றுமே மாறவில்லை என்றால் அரை நாள் பாலர் பள்ளியில் சேருங்கள். மூன்றரை வயதுக்கு அது எப்படியும் வேண்டியதுதான், தண்டனை மாதிரியும் இருக்காது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பெங்களூரிலிருந்து மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். ஆறு வயதுப் பேரனுக்கு நான் ஒரு கடலைமிட்டாய்கூட வாங்கித் தரக்கூடாதாம். பத்து நாள் வருகிறவனுக்குத் தாத்தா கையால் ஒன்று கொடுக்க உரிமை இல்லையா?
- திருமங்கலம் வாசகர்

பதில்: பத்து நாளில் பேரன் பல் கொட்டிவிடாது, அந்த அளவுக்கு நான் உங்கள் கட்சி. உரிமை என்று ஆரம்பித்தால்தான் சிக்கல், அவன் அம்மாவுக்கு உங்களைவிட ஒரு படி கூடுதல் உரிமை உண்டு. ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேட்டீர்களா? பல்லில் ஏதாவது வேலை பார்த்திருக்கலாம், டாக்டர் எடை பற்றிச் சொல்லியிருக்கலாம், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, நீ பார்க்கத்தான் கொடுப்பேன் என்று பேசிப் பாருங்கள். ஆசிரியராக இருந்தவர், பேரம் பேசத் தெரியாதா என்ன! ஒரேயடியாக வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நீச்சல் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும், தேனோ சீனித் தண்ணியோ தாத்தா கையால்தான் முதலில் தொட்டு வைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார். மாமனார் மாதிரியே நல்ல குணம் வருமாம். மறுக்கலாமா?
- உசிலம்பட்டி வாசகி

பதில்: மறுக்க வேண்டும். முந்தைய இரண்டு பேருக்கும் சொன்ன மாதிரி இதில் பேரம் கிடையாது. ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். சீனித் தண்ணி கொடுத்தால் பிள்ளை பால் குடிக்கும் வேகம் குறையும், தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால், வேறு ஒன்றும் வேண்டாம்.

மாமனார் நல்லவர் என்கிறீர்கள், அது பெரிய விஷயம், அவரை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளையை முதலில் அவர் கையில் கொடுங்கள், காதில் பெயரை மூன்று தடவை அவரே சொல்லட்டும். பிரசவத்துக்குப் போவதற்கு முன்பே கணவரிடம் சொல்லி வையுங்கள், ஆஸ்பத்திரி நர்ஸிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் அசந்து தூங்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது ஒரு சித்தி தேன் பாட்டிலோடு வருவார்.