இரண்டு கிலோ பிஸ்டல் யாருக்கு?

கேள்வி: டெசர்ட் ஈகிள்தான் இஸ்ரேல் ராணுவத்தின் பிஸ்டல் என்கிறார்கள் நண்பர்கள். அவ்வளவு சக்தி உள்ளதை மற்ற ராணுவங்களும் ஏன் தங்கள் வீரர்களுக்குக் கொடுப்பதில்லை?

பதில்: நண்பர்கள் சொல்வது தவறு. இஸ்ரேல் ராணுவத்தின் வழக்கமான பிஸ்டலாக அது ஒருநாளும் இருந்ததில்லை. யோசனை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேக்னம் ரிசர்ச் நிறுவனத்துடையது. அதை மெருகேற்றித் தயாரித்துக் கொடுத்தது இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸ். அங்கிருந்து வந்த குழப்பம்தான் இது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் வேட்டைக்கும் பொருந்துகிற துப்பாக்கி அது.

சரி, சக்திக்கு வருவோம். டெசர்ட் ஈகிள் சுடுவது மேக்னம் ரகத் தோட்டாக்களை. மேக்னம் என்றால் சாதாரணத் தோட்டாவைவிட மருந்து கூடுதலாக அடைத்தது. .357 மேக்னம் 1935-இலும் .44 மேக்னம் 1955-இலும் வந்தன (எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை); இரண்டுமே ரிவால்வருக்காக, அதாவது தோட்டாக்களைச் சுழலும் உருளையில் வைக்கும் கைத்துப்பாக்கிக்காகப் பிறந்தவை. அந்த அழுத்தத்தைச் சாதாரண பிஸ்டலின் அமைப்பு தாங்காது. அதனால் ரைபிளின் வழியைப் பிடித்தார்கள். சுட்டதும், குழலின் அடியில் உள்ள சிறு துளை வழியாக வாயு கொஞ்சம் பிரிந்து முன்பக்கம் ஓடுகிறது. அங்கே ஒரு பிஸ்டனை உதைக்கிறது. பிஸ்டன், ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னுக்குத் தள்ள, போல்ட் (குழலின் பின்வாயை அடைத்திருக்கும் பாகம்) சுழன்று திறக்கிறது. உறையில்லாத ஈயக் குண்டுகளைப் போட்டால் அந்தத் துளையில் ஈயம் படிந்து அடைத்துக்கொள்ளும். இவ்வளவையும் ஒரு கைத்துப்பாக்கிக்குள் அடக்கிய பொறியாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அப்புறம் வந்த .50 தோட்டாவின் அடிவிளிம்பைக்கூட .44-இன் அளவிலேயே வைத்தார்கள். குழலையும் மேகசினையும் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) மாற்றினால் போதும், அதே துப்பாக்கி இரண்டையும் சுடும்.

ஆனால் வீரனின் இடுப்பில் வைத்துப் பாருங்கள். .50 ரகம் ஏறக்குறைய 2 கிலோ; மேகசினில் 7 தோட்டா. பல ராணுவங்களில் உள்ள குளாக் 17 பிஸ்டலில் 17 தோட்டா நிரப்பினாலும் எடை ஒரு கிலோவைத் தொடாது. டெசர்ட் ஈகிளைச் சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கலாம். இடது உள்ளங்கையை மேகசினுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாலும் அதே கதி. பயிற்சி மைதானத்தில் நிதானமாக நின்று சுடுபவர் சிக்கிய தோட்டாவை எடுத்துவிட்டு மறுபடி சுடலாம். எதிரே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும்போது வீரனுக்கு அந்த அவகாசம் கிடையாது.