அடைப்புக்குறிக்குள் இறைவன் – கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் சைவப் பெண். ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போவேன். பொருள்கள் நம் அனுபவத்தில் தோன்றும் விதத்தை ஆராயும் மெய்யியலான தோற்றப்பாட்டியல், இறைவனை அடைப்புக்குறிக்குள் இட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அங்கே எனக்கு நேர்வது வெறும் உணர்ச்சிதானா?

வாசகி ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. இந்த மெய்யியலைத் தொடங்கிய ஹுசேர்ல் 1913இல் வெளியிட்ட நூலில் இறைவனின் இருப்பை அடைப்புக்குறிக்குள் இட்டு ஒதுக்கிவைத்தாரே தவிர, மறுக்கவில்லை. உண்டா இல்லையா என்ற தீர்ப்பைத் தள்ளிவைத்து, ஒன்று நமக்கு எவ்விதம் தோன்றுகிறது என்று பொறுமையாகப் பார்ப்பதே அவருடைய முறை. உணர்வு எப்போதும் ஏதோவொன்றைப் பற்றிய உணர்வே என்பது அவருடைய அடிப்படை. ஆகவே சுருவத்தின் முன்னே நீங்கள் மன்றாடும்போது, 'என் முறையீடு கேட்கப்படுகிறது' என்ற பொருளும் அந்த அனுபவத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுக் கண்ணீரையும் நெஞ்சின் இளக்கத்தையும் மாத்திரம் விவரிப்பவர் உங்கள் அனுபவத்தைக் குறைத்துவிடுகிறார். மன அமைதி வகுப்புகள் பெருகிவிட்ட இன்றைய கொழும்பில் இக்குறைப்பு இயல்பாகிவிட்டது என்பதே என் கவலை: யாரிடம் என்ற கேள்வி உதிர்ந்து, எப்படி உணர்ந்தேன் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் கேட்கப்படுவதாகத் தோன்றுவதிலிருந்து, கேட்பவர் இருக்கிறார் என்று முடிவுகட்டும் உரிமை தோற்றப்பாட்டியலுக்கு இல்லை. லெவினாஸ், மாரியோன் முதலியோரின் பிரெஞ்சுத் தோற்றப்பாட்டியல் இறையியலின் பக்கம் திரும்பிவிட்டது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் டொமினிக் ஜானிக்கோ 1991இல் கண்டித்தார். அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். எனினும் மாரியோன் காட்டிய ஒன்றைக் கைவிட மனம் வரவில்லை. நம்முடைய கருத்துகளுக்குள் அடங்காமல் நிறைந்து வழியும்படி தம்மைத் தரும் தோற்றப்பாடுகள் உண்டு. அவற்றின் முன்னே நாம் பெறுபவர்களாகவே நிற்கிறோம். 'அவனருளாலே அவன்தாள் வணங்கி' என்று திருவாசகம் ஓதிய உங்களுக்கு இது புதிதாக இராது. அங்கே வணங்கும் செயலே அருளாக வந்து சேர்கிறது. அந்த வரி வாழப்படும் விதத்தைத் தோற்றப்பாட்டியல் விவரிக்கலாம். அது உண்மை என்பதற்குச் சாட்சி சொல்வது நம்பிக்கையின் வேலை. அந்தச் சாட்சியை ஆராய்வது இறையியலின் வேலை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அதே ஆலயத்தில் குண்டு வெடித்தது. பின்னர் அங்கே திரும்பி வந்து நின்றவர்களுக்கு, பதில் வராத மௌனமும் ஒரு தோற்றப்பாடாகவே இருந்திருக்கும். அதை அவசரமாக விளக்கிவிடும் இறையியலை என்னால் நம்ப முடியவில்லை.

அங்கே உங்களுக்கு நேர்வது என்னவென்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. பெயரிடாமல், விளக்காமல், நேர்ந்தபடியே எழுதி அனுப்புங்கள்.