கேள்வி – பதில்: புதைபடிவமா, வெறும் கல்லா?

கேள்வி: அரியலூர் பக்கம் ஓடையில் முட்டை போலவே நான்கு கற்கள் கிடைத்தன. மேலே ஓடு உரிகிறது. டைனோசர் முட்டையா?

பதில்: ஓடு உரிவதை வைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முட்டைக்கு ஓடு ஒன்றுதான். அது சில மில்லிமீட்டர் கனத்தில், சுற்றிலும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். லென்ஸில் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். உங்கள் கல்லில் ஒரு பொருக்கை உரித்தால் அடியில் இன்னொன்று வருகிறதா? ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறதா? அப்படியானால் அது வெயிலிலும் மழையிலும் வெங்காயம்போல உரியும் சுண்ணாம்பு உருண்டை.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அந்தப் பகுதியின் பெரும்பாகம் கடல். சேற்றில் புதைந்த உயிரி அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, சுண்ணாம்பு படிந்து, சேற்றை உருண்டையாக இறுக்கிவிடும். ஆகவே உருண்டை புதைபடிவம் அல்ல. ஆனால் அதற்குள்ளே ஒன்று இருக்கலாம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரபரப்பானவையும் அம்மோனைட்டைச் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) சுற்றி உருவான இத்தகைய உருண்டைகளே. (கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தது உண்மை. அது வேறு படிவு.) சுத்தியலால் உடைத்துப் பார்க்காதீர்கள்; உள்ளே இருப்பதும் சேர்ந்தே நொறுங்கும்.

கேள்வி: பொதுவாக எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: வெளி வடிவத்தை நம்பாதீர்கள், ஒழுங்கைத் தேடுங்கள். பழைய பல்துலக்கியும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், அது போடும் கீறலே வரிகளாகத் தெரியும். பிறகு இருட்டறையில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். அம்மோனைட் என்றால் சுருள் வெளியே வர வர அகலும், மேட்டுவரிகள் சீரான இடைவெளியில் வரும். சிப்பி என்றால் வளர்ச்சிக் கோடுகள் விளிம்பை ஒட்டி வளையும். கோடுகள் வடிவத்தின் விளிம்பில் நின்றுவிடாமல் கல் முழுக்க நேராக ஓடினால், அவை பாறையின் படிவ அடுக்குகள்.

கேள்வி: வினிகர் விட்டதும் நுரைத்தது. புதைபடிவம்தானே?

பதில்: சுண்ணாம்புக்கல், சுக்கான் கல் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்புக் கட்டி), சிப்பி எல்லாமே கால்சியம் கார்பனேட், எல்லாமே நுரைக்கும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம்போலச் சிலிக்காவாக மாறியது நுரைக்காது. ஆக இந்தச் சோதனை எதையும் தீர்மானிக்காது. அமிலம் நுண்வரிகளை அரித்துவிடுவதுதான் மிச்சம்.

கேள்வி: நாக்கில் ஒட்டினால் எலும்பு என்கிறார்களே?

பதில்: களிமண்ணும் சுக்கான் கல்லும்கூட ஒட்டும். உடைந்த முகப்பைப் பாருங்கள். எலும்பில் வெளிப்புறம் நெருக்கமாகவும் உட்புறம் பஞ்சுபோலவும் இருக்கும். சுக்கான் கல்லின் ஓட்டைகளுக்கு ஒழுங்கே கிடையாது.

கேள்வி: காரை கிராமத்தில் விரல்போன்ற பழுப்புக் கல் எடுத்தேன்.

பதில்: நகத்தால் கீறுங்கள். கீறல் விழுந்தால் ஜிப்சம்; அங்கே அது ஏராளம். விழாமல், உடைந்த முனையில் நடுவிலிருந்து சக்கரக் கம்பிகள்போல ஊசிகள் விரிந்தால் பெலம்னைட், கணவாயின் உறவினம். ஒரு முனை கூம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: பாறைப் பிளவில் கறுப்பாகப் பெரணி இலை தெரிகிறது.

பதில்: நடுநரம்பு இல்லை என்றால் பெரும்பாலும் இலை அல்ல. விரிசலில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசுக் கறை.