396 வரிசைக் குலம் எளிய குலம் அல்ல என்று எப்படி நிறுவுவது? சைலோ எண்ணிக்கை போதவில்லையே?

ஐ.எம்.எஸ்சி., சி.எம்.ஐ. மாதிரி கணித நிறுவனங்களின் நேர்காணலுக்குத் தயாராகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குலத்தின் வரிசை என்பது அதன் உறுப்புகளின் எண்ணிக்கை. குலத்தின் எந்த உறுப்பு g-ஆல் கான்ஜுகேட் செய்தாலும் (x-ஐ gxg⁻¹ ஆக்கினாலும்) மாறாத உட்குலம் நார்மல்; முழுக் குலத்தையும் ஒற்றை உறுப்பு உட்குலத்தையும் தவிர வேறு நார்மல் உட்குலம் இல்லாதது எளிய குலம். எண்ணுவதை விடுங்கள், நார்மலைசரைப் பாருங்கள்: ஒரு உட்குலத்தை கான்ஜுகேட் செய்தும் மாற்றாத உறுப்புகளின் தொகுப்பு அது. லோக்கல் முறை என்பதே இதுதான்: ஒரு பகா எண்ணைப் பிடித்து, அதன் அடுக்குகளை வரிசையாகக் கொண்ட உட்குலங்களின் நார்மலைசர்களை வைத்து முழுக் குலத்தைப் பற்றிய முடிவுக்கு வருவது.

396 = 4 × 9 × 11. 11-சைலோ உட்குலம் (396-ஐ வகுக்கும் 11-இன் மிகப்பெரிய அடுக்கை, இங்கே 11-ஐ, வரிசையாகக் கொண்டது) 1 அல்லது 12 இருக்கும். ஒன்றுதான் என்றால் அதுவே நார்மல், வேலை முடிந்தது. 12 என்றால் வரிசை 11 உள்ள உறுப்புகள் 120. மீதி 276 உறுப்புகளுக்கு இடம் தாராளம், முரண்பாடே வராது. ஆனால் நார்மலைசரின் வரிசை 396 ÷ 12 = 33. சைலோ உட்குலத்தின் ஆட்டோமார்ஃபிசங்கள் 10. நார்மலைசரை சென்ட்ரலைசரால் (சைலோ உட்குலத்தின் எந்த உறுப்பையும் கான்ஜுகேட் செய்து மாற்றாத உறுப்புகள்) வகுத்தால் வருகிற வரிசை 33, 10 இரண்டையும் வகுக்க வேண்டும். ஆகவே அது 1. அதாவது சைலோ உட்குலம் தன் நார்மலைசரின் மையத்துக்குள் இருக்கிறது. அப்படி இருந்தால், சைலோவின் வரிசையால் வகுத்து வருகிற வரிசையில் ஒரு நார்மல் உட்குலம் உண்டு என்பது பர்ன்சைட் தேற்றம். இங்கே அதன் வரிசை 36; ஆகவே குலம் எளியது அல்ல.

தேற்றத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள், ஏன் என்று கேட்பார்கள். முழுக் குலத்திலிருந்து சைலோ உட்குலத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்ற ஹோமோமார்ஃபிசம் (பெருக்கலைக் காக்கும் சார்பு) இருக்கிறது. சைலோ உட்குலம் அபீலியன் (எந்த உறுப்பை முன்னால் வைத்துப் பெருக்கினாலும் ஒரே விடை) என்பதால், அதன் இரண்டு உறுப்புகள் முழுக் குலத்தில் கான்ஜுகேட் என்றால் நார்மலைசரிலும் கான்ஜுகேட். இங்கே நார்மலைசர் எதையும் நகர்த்துவதில்லை, எனவே அவை ஒரே உறுப்பு. அதனால் டிரான்ஸ்ஃபர் ஒவ்வொரு சைலோ உறுப்பையும் அதன் 36ஆவது அடுக்குக்கு அனுப்புகிறது. 36-க்கும் 11-க்கும் பொதுக் காரணி இல்லை. சைலோ உட்குலத்தின் மேல் இது ஒன்றுக்கொன்று. ஆகவே கெர்னலின் (முற்றொருமை உறுப்புக்குப் போகிறவற்றின்) வரிசை 396 ÷ 11 = 36.

"அபீலியனாக இருந்தால் போதும்" என்று எழுதிவிடாதீர்கள். 60 வரிசை மாற்றுக் குலம் (5 பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள்) எளிய குலம்; அதில் எல்லா சைலோ உட்குலங்களும் அபீலியன்தான். ஆனால் 2-க்கு அந்த வகுத்தலில் 3 வருகிறது. 3-க்கும் 5-க்கும் 2 வருகிறது. மூன்று கதவும் அடைபட்டிருக்கிறது.

சைலோ உட்குலம் அபீலியன் இல்லையென்றால் அதன் நார்மலைசரை மட்டும் பார்ப்பது போதாது. 4 பொருள்களின் சமச்சீர்க் குலத்தில் 8 வரிசை சைலோ உட்குலத்தின் நார்மலைசர் அதுவேதான், சாதுவாகத் தெரியும். உள்ளே இருக்கும் நார்மலான 4 வரிசை உட்குலத்துக்கு வகுத்தால் 6 வருகிறது, அங்கே 3 ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ஃப்ரோபீனியஸ் தேற்றம் சைலோவுக்குள் இருக்கும் ஒவ்வொரு உட்குலத்தையும் சோதிக்கச் சொல்கிறது.

எளிய குலங்களின் பட்டியல்தான் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பட்டியலைக் கட்டியதில் பெரும்பங்கு இந்த முறைக்கு. அபீலியன் அல்லாத எளிய குலத்தின் வரிசை ஒற்றைப்படையாக இராது என்று காட்டிய, 1963-இல் வந்த ஃபைட்–தாம்சன் நிரூபணத்தின் 255 பக்கங்களில் கேரக்டர் கோட்பாடும் (குலத்தை அணிகளாக எழுதிப் படிப்பது) உண்டு, மறுக்கவில்லை; லோக்கல் பகுதி இல்லாமல் அது நிற்காது. இதையெல்லாம் தொடாமல், உறுப்புகளை எண்ணும் கணக்குகளையே திரும்பத் திரும்ப அச்சடித்து விற்கும் கைடுகளைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதிலேயே தேங்கிவிடுகிறார்கள்.

பர்ன்சைட் கைகொடுக்காத ஒன்றும் தெரிந்திருக்கட்டும்: 264. எளிய குலம் என்று வைத்துக்கொண்டால் 11-சைலோ 12, நார்மலைசர் 22. வகுத்து வருவது 1 என்றால் மேலே சொன்ன வழி. 2 என்றால், நார்மலைசரிலுள்ள ஒரு வரிசை-2 உறுப்பு 12 சைலோ உட்குலங்களை எப்படி இடம் மாற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு அசையாது, மீதிப் பத்தும் 5 ஜோடிகளாக இடம் மாறும். ஐந்து இடமாற்றம் ஒற்றை வரிசைமாற்றம். எனவே இரட்டை வரிசைமாற்றங்களைத் தரும் உறுப்புகள் மட்டும் சேர்ந்து வரிசை 132 உள்ள நார்மல் உட்குலமாகிவிடும்.