மா: ஓரெழுத்துச் சொல் பற்றிய கேள்வி பதில்

"மா" என்ற ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வோம், அது எந்த மொழியில் வந்தாலும் கேளுங்கள் என்று அறிவித்திருந்தேன். வந்தவற்றில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள்: இரண்டு மொழிகளில் ஒரே ஒலி காதில் விழுந்ததும் உறவு கொண்டாடிவிட வேண்டாம். உறவாகவும் இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சொல்லாகத்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி (தமிழாசிரியை, மதுரை): ஐயா, மாம்பழம், மாவு, மாநகரம், அரிமா, நிலக்கணக்கில் வரும் மா என்று மாணவர்கள் அடுக்குகிறார்கள். தமிழுக்குள் இருப்பதெல்லாம் ஒரே சொல்தானா?

பதில்: இல்லை அம்மா. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. மகர வரிசையில் ஆறு. அவற்றுள் அதிகப் பொருள் சுமப்பது மா. ஆனால் ஒரே எழுத்தில் பல சொற்கள் வந்து தங்கியிருக்கின்றன என்பதே சரி. வகுப்பில் இப்படிச் சோதித்துக் காட்டுங்கள். மரம் என்றால் அடுத்து மெல்லினம் தோன்றும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. அரைத்த மா என்றால் வல்லினம் மிகும்: மாக்கோலம், மாப்பொருள். பெரிய என்ற பொருளில் வந்தால் எதுவும் தோன்றாது: மாகடல், மாபெரும். எழுத்து ஒன்றாக இருந்தும், அடுத்த சொல்லோடு சேரும் விதத்தில் மூன்றும் பிரிந்து நிற்கின்றன. தமிழ் பேசும் குழந்தை இலக்கணம் படிக்கும் முன்பே இதைச் சரியாகச் சொல்கிறது. அகராதியில் பொருள் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தச் சோதனை மாணவர்கள் மனதில் நிற்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாங்கள் கோதுமை மா, அரிசி மா என்கிறோம். தமிழ்நாட்டில் மாவு என்கிறார்கள். எது பிழை?

பதில்: இரண்டும் பிழையில்லை. மாவை, மாவில் என்று உருபு சேரும்போது வரும் வகரம் உகரத்தோடு நிலைத்து மாவு ஆயிற்று. நீங்கள் பழைய வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): சீன மொழியில் குதிரைக்கு மா. நம் பழைய இலக்கியத்திலும் குதிரைக்கு மா. தமிழிலிருந்து சீனத்துக்குப் போன சொல் என்று ஒரு காணொளியில் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஆதாரம் இல்லை.

முதலில் தமிழ்ப் பக்கம். நம் மா அடிப்படையில் விலங்கு. "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று தொல்காப்பிய மரபியல் சொல்லும் இடத்தில் குதிரைக்கு மட்டுமான பேச்சு இல்லை. அரிமா என்றால் சிங்கம், கைம்மா என்றால் யானை, கலிமா என்றால் குதிரை. இடத்தை வைத்து மா என்பதே குதிரையைக் குறிப்பதும் உண்டு. ஆனால் அது பொதுப்பெயர் ஒன்றின் மேல் விழுந்துவிட்ட பயன்பாடு.

இனி சீனப் பக்கம். அங்கே அது குதிரை மட்டுமே. அதைவிட முக்கியம், பின்னோக்கிப் போகப் போக அந்தச் சொல் "மா" என்ற ஒலியிலிருந்து விலகுகிறது. பழஞ்சீனத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பழைய பர்மியத்தில் குதிரை "ம்ரங்". மங்கோலியத்தில் "மோரி", கொரியத்தில் "மல்". இவற்றுக்குள் கடன் போக்குவரத்து நடந்திருக்கும் என்ற கருத்து வலுவானது. குதிரை நடந்த வழியில் பெயரும் நடந்திருக்கும். இன்றைய சீன மா, தேய்ந்து தேய்ந்து நம் மா போல ஒலிக்கிறது, அவ்வளவுதான். தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட சான்றுகள் தேவையில்லை. ஒன்று உடையும்போது உண்மையான சான்றுகளையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்துவிடுகின்றன.

உண்மையான தொடர்பு ஒன்று வேண்டுமா? இலங்கையின் காலியில் 1911-ல் கிடைத்த கல்வெட்டைப் பாருங்கள். 1409 என்று ஆண்டு பொறித்த அந்தக் கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அதைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ, யுன்னான் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அரசர் செங் என்ற பெயரைக் கொடுக்கும் முன் அவருடைய குடும்பப் பெயர் மா. குதிரைக்கான எழுத்தேதான்.

கேள்வி (கோவை): சீனர்கள் தாயைப் "பெண்ணும் குதிரையும்" சேர்த்து எழுதுகிறார்களாமே? இது தாயை இழிவு செய்வது இல்லையா?

பதில்: இல்லை. அந்த எழுத்தின் இடப்பக்கம் பொருளைக் காட்டுகிறது: பெண். வலப்பக்கம் ஒலியை மட்டும் காட்டுகிறது: "மா போல உச்சரி". அங்கே குதிரை ஓர் உச்சரிப்புக் குறி. அதே குதிரையோடு பூச்சியைச் சேர்த்தால் எறும்புக்கான சொல்லின் முதல் எழுத்து. வாயைச் சேர்த்தால் வாக்கியத்தின் கடைசியில் வரும் நம் "ஆ" போன்ற வினாச்சொல். பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் இவற்றைப் பிரிக்கிறது. ஒரே மட்டத்தில் உயர்ந்து நின்றால் தாய், மேலேறினால் சணல், தாழ்ந்து எழுந்தால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுதல். தாய்லாந்து மொழியிலும் இதே கதை: வா, நாய், குதிரை மூன்றுக்கும் மா, குரல்தான் வேறு.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): உலகம் முழுவதும் தாய்க்கு மகர ஒலி வருகிறதே. எல்லாம் "அம்மா"விலிருந்து பிறந்தவைதானே?

பதில்: தம்பி, இதற்கு மொழிக்குடும்பத்தைத் தேட வேண்டாம், குழந்தையின் வாயைப் பாருங்கள். பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்க, மூக்கு வழியாக வரக்கூடிய ஒலி மகரம் போன்றதுதான். பசிக்கும்போதும் குழந்தை அதையே எழுப்புகிறது. கேட்கும் தாய் தன்னை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறாள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் இதை விரிவாக விளக்கினார். ஜார்ஜிய மொழியில் "மாமா" என்றால் தந்தை, தாய் "தேதா". அங்கே பெரியவர்கள் அந்த ஒலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி (கும்பகோணம்): வடமொழியில் மா என்றால் "செய்யாதே". அரபியில் "இல்லை". பர்மியத்திலும் எதிர்மறை என்று ரங்கூனில் வாழ்ந்த பெரியவர் சொன்னார். இத்தனை இடத்தில் ஒத்துப்போவது தற்செயலா?

பதில்: துருக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "கெல்" என்றால் வா, "கெல்மெ" என்றால் வராதே, "அல்" என்றால் எடு, "அல்மா" என்றால் எடுக்காதே. ஆனால் இவை நான்கு வெவ்வேறு குடும்பங்கள். வடமொழி மாவுக்குக் கிரேக்க "மே", ஆர்மீனிய "மி", பழம்பாரசீக "மா" ஆகியவை உண்மையான உடன்பிறப்புகள். எல்லாமே தடை சொல்லும் வேலையைச் செய்கின்றன. அரபு மா வேறு வழியில் வந்தது. அங்கே மா என்றால் "என்ன" என்றும் பொருள். எதிர்மறை அந்த வினாவிலிருந்தே பிறந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நமக்கு அது புரியாத விஷயமில்லை: "அவன் என்ன கண்டான்?" என்று நாம் கேட்டால் ஒன்றும் காணவில்லை என்றுதானே பொருள்?

வடமொழி மாவைச் சொல்லும்போது வால்மீகியின் "மா நிஷாத" சுலோகத்தை விட்டுவிட முடியாது. அன்றில் இணையில் ஒன்றை வீழ்த்திய வேடனைப் பார்த்துச் சொன்ன சாபம். மா இங்கே தடைச்சொல், நிஷாத என்றால் வேடனே. வைணவ உரையாசிரியர்கள் இதே இரண்டு சொற்களையும் சேர்த்து "மாநிஷாத", அதாவது மாவாகிய திருமகள் உறையும் இடமே என்று திருமாலை விளிப்பதாகப் பொருள் கொண்டார்கள். ஒரு மாவை வேறொரு மாவாகப் படித்ததில் சாபம் வாழ்த்தாகிவிட்டது. இது சொற்பிறப்பு ஆராய்ச்சி அல்ல. பக்தியோடு படிப்பவரின் நுட்பம், அதற்கும் மரியாதை உண்டு.

கேள்வி (காயல்பட்டினம்): மாஷா அல்லாஹ்வில் வரும் மா எது?

பதில்: மேலே சொன்ன அரபு மாதான், இங்கே "எது" என்ற பொருள். "அல்லாஹ் நாடியது எதுவோ அது."

கேள்வி (ஹைதராபாத்): தெலுங்கில் "மா இல்லு" என்றால் எங்கள் வீடு. பாரசீகத்திலும் மா என்றால் நாங்கள் என்று நண்பர் சொல்கிறார். நிஜாம் காலத்தில் வந்த கடனா?

பதில்: இல்லை. தெலுங்கு மா, கேட்பவரைச் சேர்க்காத "எம்" என்பதன் உறவு. அவரையும் சேர்த்தால் "மன". தமிழில் எமது, நமது என்று பிரிப்பதைப் போன்றது. பாரசீக மாவுக்கு இந்தப் பிரிவினையே கிடையாது. அது பழம்பாரசீக "அமாகம்" என்ற வடிவம் தேய்ந்து வந்தது. சுத்தமான தற்செயல். இதைவிட வியப்பான தற்செயல் ஒன்று: இத்தாலிய மொழியில் "மா" என்றால் ஆனால், வியட்நாமிய மொழியிலும் "மா" என்றால் ஆனால். இத்தாலியச் சொல், "மேலும்" எனப் பொருள்படும் லத்தீன் "மாகிஸ்" சுருங்கியது. வியட்நாமியச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேள்வி (சென்னை): ஜப்பானிய "மாங்கா" சித்திரக்கதைக்கும் நம் மாங்காய்க்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. அது "கட்டற்ற" என்ற எழுத்தும் "படம்" என்ற எழுத்தும் சேர்ந்த கூட்டுச்சொல். நம் மாங்காய் போன இடம் வேறு. 1498-க்குப் பின் கேரளக் கரையில் போர்ச்சுகீசியர் கேட்ட மலையாள "மாங்ஙா", அவர்கள் வாயில் "மாங்கா" ஆகி, அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவியது. அவர்களிடம் ஏற்கெனவே சட்டைக் கைக்கு லத்தீனிலிருந்து வந்த "மாங்கா" ஒன்று இருந்தது. இன்றும் இரண்டும் அருகருகே வாழ்கின்றன.

கேள்வி (தார் எஸ் சலாமில் பணிபுரிபவர்): இங்கே சுவாஹிலியில் மாம்பழங்களுக்கு "மாயெம்பே" என்கிறார்கள். நம் மா தானே?

பதில்: ஒன்று என்றால் "எம்பே"; பல என்றால் முன்னால் "மா". முட்டை "யாயி", முட்டைகள் "மாயாயி". அந்த மா நம் "கள்" செய்யும் வேலையைச் செய்கிறது.

கேள்வி (புதுச்சேரி): என் பாட்டி சைகோனில் பிறந்தவர். "மா" என்றால் பேய் என்பார். இதற்காவது நம் பக்கம் வேர் உண்டா?

பதில்: உண்டு, நேராகவே உண்டு. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவன் மாரன். வடமொழி நூல்களைச் சீனத்தில் பெயர்த்த பௌத்தத் துறவிகளுக்கு அந்தப் பெயரின் முதல் ஒலியை எழுத ஓர் எழுத்து வேண்டியிருந்தது. அதற்காகவே ஒன்றை உருவாக்கினார்கள்: மேலே சணலுக்கான "மா", ஒலிக்காக, கீழே பேய், பொருளுக்காக. பிறகு அந்த ஓரெழுத்தே தனியாக நின்று தீய ஆவியைக் குறித்தது. சீனத்தில் இன்று அதை "மோ" என்கிறார்கள். ஜப்பானும் வியட்நாமும் "மா" என்ற பழைய ஒலியைக் காப்பாற்றிவிட்டன. தமிழில் அதே மாரன் மன்மதனானான். மணிமேகலை புத்தரை மாரனை வெல்லும் வீரராகப் போற்றுகிறது. உங்கள் பாட்டி சொன்ன பேயும் நம் கரும்புவில் காமனும் ஒரே பெயரின் இரண்டு முனைகள். ஒலி மட்டும் ஒத்துப்போனதால் இதைச் சொல்லவில்லை; யார் வழியாக, எதற்காக, எந்த எழுத்தில் போனது என்று ஒவ்வொரு படியையும் காட்ட முடிகிறது.

கேள்வி (விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்): எங்கள் பக்கம் இன்னும் மா கணக்குதான். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "மாகாணி" என்று வருகிறது. அது மாகாணமா, நிலமா?

பதில்: மாகாணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் பகுதிக் கணக்குப்படி 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். அதனால்தான் மூன்று மா ஓர் ஏக்கர் என்று பேச்சில் சொல்கிறீர்கள். மா என்றால் பின்னக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. மாகாணி இரண்டின் கூட்டு: எண்பதில் நான்கும் ஒன்றும் ஐந்து, ஆகவே பதினாறில் ஒரு பங்கு. பத்திரத்தில் அது வேலிக்குக் கீழ் வந்தால் ஒன்றேகால் மா, அதாவது 125 குழி. எதற்குக் கீழ் வருகிறது என்பதை முந்தைய வரியில் பாருங்கள். எழுத்தில் இல்லாமல் குறியாக இருந்தால் ஒருங்குறியின் (யூனிகோடு) தமிழ்ப் பின்னக் குறிகளோடு ஒப்பிடலாம். 2019-ல் அவற்றைச் சேர்த்துவிட்டார்கள். அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிக் குறி இருக்கிறது.